ஐந்து பேர், பத்து நாள், ஆறாயிரம் ரிங்கிட்: சயாமுக்கு இரயிலில்

மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் கேட்டிருப்பவை நான்கு கேள்விகள். பட்டர்வொர்த்தில் இருந்து பேங்காக்குக்கு நேரடி இரயில் இருக்கிறதா. ஜப்பானில் விற்பதைப் போல ஒரு பாஸ் வாங்கிக்கொண்டால் மலிவாக முடியுமா. ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் பத்து நாளைக்குள் ஹாட்யாய், பேங்காக், ஆயுத்தயா, காஞ்சனபுரி, சியாங் மாய், புக்கெட் என ஆறு ஊர்களையும் பார்த்துவிட முடியுமா. நீங்களும் மனைவியும், பதின்மூன்று வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகளும், அறுபத்தேழு வயது அம்மாவுமாக ஐந்து பேருக்கு ஆறாயிரம் ரிங்கிட் போதுமா. ஆனால் கடைசி வரியில், போகிற போக்கில் சொல்வதைப் போல, அம்மாவின் பெரியப்பா ஜப்பான்காரன் ஆண்ட போர்க் காலத்தில் மலாயாத் தோட்டத்தில் இருந்து, இன்றைய தாய்லாந்தான சயாமில் இருந்து பர்மாவுக்குப் போட்ட இரயில் பாதை வேலைக்குப் பிடித்துப் போகப்பட்டுத் திரும்பி வராதவர் என்றும், காஞ்சனபுரியில் இருக்கும் அந்தப் பாதையின் பாலத்தை ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் உங்கள் கேள்வியே அதுதான். ஆறு ஊர்களில் எதை விடலாம், எதை விடக் கூடாது என்பதை அந்த வரியை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நானும் உங்களைப் போலப் பினாங்கு மாநிலத்து நிபோங் திபால்காரன்தான். இரயில்வே டிக்கெட் கவுண்டரில் இருபத்து மூன்று ஆண்டுகள் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். அதன் பிறகு சுற்று வட்டாரத் தோட்டங்களில் இருந்து குடும்பங்களையும் கோயில் குழுக்களையும் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை தாய்லாந்துக்கு இரயிலில் கூட்டிப் போய் வருகிறேன். பயண முகவர் அல்ல. யாரிடமும் கமிஷன் வாங்குவதும் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் வண்டிகள் எப்படி ஓடுகின்றன, குடும்பத்தோடு போகிறவர்களின் பணம் எந்த இடத்தில் கசிகிறது என்பவை எனக்குப் பழகியவை. கட்டணமும் நேர அட்டவணையும் அவ்வப்போது மாறக்கூடியவை என்பதால், கீழே வரும் தொகைகளைத் திட்டம் போடுவதற்கான தொகைகளாக எடுத்துக்கொண்டு, பணம் கட்டும் முன் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தாய்லாந்துப் பணம் நூறு பாட்டுக்கு 13 ரிங்கிட் என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

நேரடி வண்டியைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம். பட்டர்வொர்த்தில் ஏறிப் படுத்தால் பேங்காக்கில் எழுந்திருக்கலாம் என்ற காலம் 2016 டிசம்பரோடு முடிந்துபோனது. இணையத்தில் இன்னும் உலவும் பழைய பயணக் குறிப்புகளை நம்பிப் பட்டர்வொர்த்தில் போய் நிற்காதீர்கள். இப்போது அந்த இரவு வண்டி எல்லை ஊரான பாடாங் பெசாரில் புறப்பட்டு, திரும்பும்போது அங்கேயே முடிகிறது. நம் ஊர்க்காரர்களுக்கு இதனால் பெரிய நட்டம் இல்லை. நிபோங் திபாலில் கோமூட்டர் என்னும் உள்ளூர் இரயில் ஏறி, புக்கிட் மெர்தாஜாமில் இறங்கி, பாடாங் பெசார் போகும் கோமூட்டருக்கு மாறினால், தலைக்குப் பதினைந்து ரிங்கிட்டுக்குள் எல்லையில் இருப்பீர்கள், முன்பதிவும் தேவையில்லை. பாடாங் பெசார் நிலையத்தின் பெரிய வசதி, இரு நாட்டுக் குடிநுழைவுக் கவுண்டர்களும் ஒரே கட்டடத்துக்குள் இருப்பதுதான். மலேசிய முத்திரை வாங்கிய கையோடு சில அடி நடந்து தாய்லாந்து முத்திரையும் வாங்கிக்கொண்டு நடைமேடைக்குப் போய்விடலாம். விடுமுறைக் காலத்தில் சாலை வழியாகப் போய், பேருந்தை விட்டு இறங்கி, மூட்டை முடிச்சோடு வெயிலில் வரிசை பிடித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அறுபத்தேழு வயது அம்மாவோடு போகிறவருக்கு இரயிலைப் பரிந்துரைக்க இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

பாஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாஸ் என்பது பல நாட்களுக்குத் தொடர்ந்து, தூரம் தூரமாக, விலை உயர்ந்த வண்டிகளில் அலைகிறவர்களுக்கானது. ஜப்பானிலேயே 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னில் இருந்து 50,000 யென்னுக்கு ஏறிவிட்டது. தோக்கியோவில் இருந்து ஒசாகாவுக்கு அதிவேக வண்டியில் போய்வர, தனித்தனியாகச் சீட்டு வாங்கினாலே 30,000 யென்னுக்குள் அடங்கிவிடும்போது அந்தப் பாஸ் பலருக்குக் கட்டுப்படியாவதில்லை. தாய்லாந்தில் நீங்கள் போகப்போவது இரண்டு நீண்ட பயணங்களும் சில குட்டிப் பயணங்களும்தான். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சீட்டு வாங்குவதே உங்களுக்கு மலிவு.

இனி, இரயில் மலிவா என்ற கேள்விக்கு வருவோம். தாய்லாந்து இரயில் கட்டணம் அடுக்கடுக்காக ஏறுவது. தூரத்துக்கான அடிப்படைக் கட்டணம் மிகவும் குறைவு. அதன் மேல் விரைவு வண்டிக்கு ஒரு தொகை, குளிர்சாதனத்துக்கு ஒரு தொகை, படுக்கைக்கு ஒரு தொகை என்று சேர்ந்துகொண்டே போகும். அதனால்தான் பேங்காக்கில் இருந்து 71 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஆயுத்தயாவுக்கு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு போகும் மூன்றாம் வகுப்பில் இருபது பாட் இருந்தால் போய்விடலாம். நம் ஊர்க் கடையில் ஒரு தே தாரிக் தேநீருக்கு அதுதான் விலை. அதே நாட்டில், ஹாட்யாயில் இருந்து பேங்காக்குக்குக் குளிர்சாதன இரண்டாம் வகுப்புப் படுக்கை ஆயிரம் பாட்டை ஒட்டி நிற்கிறது. பேங்காக் முதல் சியாங் மாய் வரையிலான படுக்கையும் ஏறக்குறைய அதே விலைதான். ஆகவே குட்டிப் பயணங்களை எத்தனை வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம், பட்ஜெட் அசையாது. இரவுப் பயணம் ஒன்றைச் சேர்த்தால், ஐந்து தலைக்கு ஐயாயிரம் பாட், அதாவது 650 ரிங்கிட் எழுந்து போய்விடும். தாய்லாந்து வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு ஊர்களை எண்ணாதீர்கள். எத்தனை இரவு வண்டி ஏறப்போகிறோம் என்று எண்ணுங்கள். இத்தனை ஆண்டு அனுபவத்தில் நான் சொல்லக்கூடியது இதுதான்.

உங்கள் ஆறாயிரத்தை வைத்தே போட்டுப் பார்ப்போம். சியாங் மாயையும் புக்கெட்டையும் இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு ஹாட்யாய், பேங்காக், ஆயுத்தயா, காஞ்சனபுரி என்று நான்கு ஊர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், நம் பக்கத்துக் கோமூட்டர் போக வர ஐந்து பேருக்கு 150 ரிங்கிட். பாடாங் பெசாரில் இருந்து ஹாட்யாய்க்கு நாளுக்கு இரண்டு முறை ஓடும் சிறு வண்டி தலைக்கு 50 பாட், மொத்தம் 33 ரிங்கிட். போக ஒன்றும் வர ஒன்றுமாக இரண்டு இரவுப் படுக்கைகள் 1,300 ரிங்கிட். காஞ்சனபுரிப் பாதையில் வெளிநாட்டவருக்கு ஒரு பயணத்துக்கு 100 பாட். நான்கு பயணம் வைத்தால் 260 ரிங்கிட். ஆயுத்தயா போய்வர 26 ரிங்கிட். ஆக இரயில் செலவு 1,770 ரிங்கிட் சுமார். பத்து நாளில் ஒன்பது இரவு. இரண்டு வண்டியில் கழியும், ஏழு விடுதியில். நான் குடும்பங்களைத் தங்கவைக்கும் எளிய, சுத்தமான விடுதிகளில் அறை ஒன்று 800 பாட்டுக்குக் கிடைக்கும். இரண்டு அறைக்கு ஏழு இரவு 1,450 ரிங்கிட். சாப்பாட்டுக்குத் தலைக்கு நாளுக்கு 300 பாட் போட்டால் 1,950 ரிங்கிட். கூட்டினால் 5,170. கையில் 830 ரிங்கிட் மிஞ்சும். நகருக்குள் போக்குவரத்து, நுழைவுச் சீட்டு, பயணக் காப்புறுதி, பிள்ளைகள் கேட்கும் பொம்மை, யாருக்காவது காய்ச்சல் வந்தால் மருந்து எல்லாம் அந்த 830க்குள் அடங்க வேண்டும். கவனமாக இருந்தால் அடங்கும். பிள்ளைகளுக்கும் முழுக் கட்டணம் வைத்தே கணக்குப் போட்டிருக்கிறேன். அங்கே ஏதாவது தள்ளுபடி கிடைத்தால் அது உபரி.

இப்போது சியாங் மாயைச் சேர்த்துப் பாருங்கள். போக வர இரண்டு இரவுப் படுக்கை இன்னொரு 1,300 ரிங்கிட். இரண்டு இரவு விடுதிச் செலவு மிச்சம் என்பதால் 410ஐக் கழித்தாலும் 890 ரிங்கிட் கூடுகிறது. உங்களிடம் இருப்பது 830. பேங்காக்கில் ஒரு பேருந்து ஏறும் முன்பே அறுபது ரிங்கிட் துண்டு விழுந்துவிடும். பணத்தை விட்டுத் தள்ளினாலும், பத்து நாளில் நான்கு இரவு வண்டியில் படுத்து எழுந்த அம்மாவின் முதுகு என்ன சொல்லும் என்று யோசியுங்கள். சியாங் மாய் அழகான ஊர், டிசம்பரில் குளிராகவும் இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அது தனியாக ஒரு பயணத்துக்குத் தகுதியான ஊர். புக்கெட்டுக்கு இரயில் பாதையே கிடையாது. சூராட் தானியில் இறங்கிப் பேருந்தில் பல மணி நேரம் போக வேண்டும். இந்தப் பயணத்தில் அதற்கு இடமில்லை.

விமானம் மலிவு என்று உங்கள் மைத்துனர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. தோளில் ஒரு பையோடு, வாரநாளில், மாதக்கணக்கில் முன்பே வாங்கிவிடும் இளைஞர் ஒருவருக்குப் பினாங்கில் இருந்து பேங்காக்குக்கு விமானம் இரயிலை விட மலிவாகக் கிடைப்பதுண்டு. பள்ளி விடுமுறையில், ஐந்து பேருக்கு, பெட்டிக்கு எடைக்கூலி கட்டி, பினாங்கு விமான நிலையத்துக்குக் காரும் பிடித்து வரும்போது அந்தக் கணக்கு வேறு மாதிரி ஆகிவிடும். இரண்டையும் ஒரே நாளில் விலை பார்த்து ஒப்பிடுங்கள். திரும்பும்போது மட்டும் விமானம் என்பதும் நல்ல யோசனைதான். பேங்காக் பெரிய நிலையத்தில் இருந்து சிவப்புத் தடத்து நகர இரயில் டோன் முவாங் விமான நிலையத்துக்கே போகிறது.

இரவுப் படுக்கைகளை வாங்குவதுதான் முதல் வேலை. விடுதி பிறகு. ஆண்டிறுதியில் விடுதி அறை எங்காவது கிடைத்துவிடும், கீழ்ப்படுக்கை கிடைக்காது. தாய்லாந்து இரயில்வேயின் டி-டிக்கெட் இணையத்தளத்தில் உங்கள் பெயரிலேயே வாங்கலாம், இருக்கை எண்ணையும் நீங்களே பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். சில மாதங்களுக்கு முன்பே விற்பனை திறந்துவிடும் என்பதால், விடுமுறைத் தேதி உறுதியான அன்றே உட்கார்ந்துவிடுங்கள். முன்பு ஒரு முறை சோம்பல்பட்டு ஒரு முகவரிடம் கொடுத்தேன். கீழ்ப்படுக்கை விலையை வாங்கிக்கொண்டு மேல்படுக்கைச் சீட்டுகளைக் கையில் திணித்தார். வண்டி ஏறிய பிறகுதான் கவனித்தேன். கவுண்டரில் இருபது ஆண்டு உட்கார்ந்தவனுக்கே இந்தக் கதி. கீழ்ப்படுக்கை மேல்படுக்கையை விட ஏறக்குறைய நூறு பாட் அதிகம், அதற்குத் தகுந்த காரணமும் உண்டு. பகலில் இரண்டு இருக்கைகள் எதிரெதிரே இருக்கும். இருட்டியதும் பணியாளர் வந்து இருக்கைகளை இழுத்து ஒன்றாகச் சேர்த்து, மெத்தை விரித்து, வெள்ளை விரிப்பை நான்கு மூலையிலும் செருகி, திரைச்சீலையைக் கொக்கியில் மாட்டிவிட்டு, மேலே சுவரோடு மடிந்து கிடக்கும் பலகையை ஒரு சாவியால் திறந்து இறக்குவார். ஒரு படுக்கைக்கு இரண்டு மூன்று நிமிடம்கூட ஆகாது, பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். கீழே அகலம் அதிகம், ஜன்னலும் உண்டு. மேலே போக செங்குத்தான ஏணி, ஜன்னல் இல்லை, திரையின் இடுக்கு வழியே நடைபாதை விளக்கு இரவெல்லாம் முகத்தில் அடிக்கும். பிள்ளைகளுக்கு மேல்படுக்கை ஒரு விளையாட்டு. அம்மாவுக்குக் கீழ்ப்படுக்கை, அதுவும் கழிவறைக்கு அடுத்ததாக இல்லாமல் பெட்டியின் நடுவில் பார்த்து வாங்குங்கள். குளிர்சாதனம் எலும்பைத் துளைக்கும்; அம்மாவுக்கு ஸ்வெட்டரும் காலுறையும், உங்களுக்கு ஒரு கைலியும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

போகும்போது இரண்டு வழி உண்டு. பாடாங் பெசாரில் மாலை 5 மணியளவில், தாய்லாந்து நேரப்படி, புறப்படும் 46 ஆம் எண் வண்டியில் நேராக ஏறிக்கொள்ளலாம். அல்லது காலைச் சிறு வண்டியில் ஹாட்யாய் போய் ஓர் இரவு தங்கி, மறுநாள் மாலை அங்கிருந்து ஏறலாம். பிள்ளைகள் இருப்பதால் இரண்டாவதைச் சொல்கிறேன். மேலே போட்ட கணக்கும் அதற்கானதுதான். ஹாட்யாயில் தொடங்கும் 32 ஆம் எண் வண்டியின் பெட்டிகள் புதியவை, தலைமாட்டில் விளக்கும் கைத்தொலைபேசிக்கு மின்சாரமும் இருக்கும். திரும்பும்போது ஹாட்யாயில் இறங்காமல் 45 ஆம் எண் வண்டியில் பாடாங் பெசார் வரையிலேயே படுத்து வந்துவிடுங்கள். அங்கே வண்டி எண்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு: பேங்காக்கை விட்டுப் போவது ஒற்றைப்படை, பேங்காக்கை நோக்கி வருவது இரட்டைப்படை. சீட்டைத் தவறான திசைக்கு வாங்கிவிட்டோமா என்று சரிபார்க்க இது உதவும்.

கடிகாரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தாய்லாந்து நேரம் நம்மை விட ஒரு மணி நேரம் பின்னால். போகும்போது இதனால் ஆபத்து இல்லை, சீக்கிரம் போய்க் காத்திருப்போம், அவ்வளவுதான். திரும்பும்போதுதான் அடி விழும். ஒரு முறை காலை எட்டு மணிச் சொச்சத்துக்குப் பாடாங் பெசார் சேரும் என்று தாய்லாந்துச் சீட்டில் பார்த்துவிட்டு, மலேசியப் பக்கத்தில் எட்டே முக்கால் மணிக்குப் புறப்படும் இ.டி.எஸ். விரைவு வண்டிக்கு பன்னிரண்டு பேருக்கு முன்கூட்டியே சீட்டு எடுத்து வைத்திருந்தேன். வண்டி சரியான நேரத்துக்கே வந்தது. நிலையத்துச் சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்பது தாண்டியிருந்தது. பன்னிரண்டு சீட்டும் வீண், என் கைக்காசு. எல்லை தாண்டும் நாளில் மறு இணைப்புக்குச் சீட்டு எடுக்காதீர்கள், கோமூட்டருக்கு அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

ஆண்டிறுதி என்பதுதான் உங்கள் திட்டத்தில் எனக்குக் கொஞ்சம் உறுத்தலான பகுதி. நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை தாய்லாந்து வளைகுடாக் கரையைத்தான் அடிக்கும், ஹாட்யாய் அதன் வழியில் தாழ்வான கிண்ணம் போலக் கிடக்கிறது. 2000இலும் 2010இலும் அந்த ஊர் மூழ்கியது. 2025 நவம்பரில் வந்த பெருவெள்ளத்தில் நம் நாட்டவர் ஆயிரக்கணக்கில் விடுதிகளில் மாட்டிக்கொண்டதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பேங்காக்கும் காஞ்சனபுரியும் டிசம்பரில் மழை விட்டு இதமாக இருக்கும், சிக்கல் ஹாட்யாயிலும் தெற்குப் பாதையிலும்தான். எந்த ஆண்டு எப்படி இருக்கும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. ஆகவே ஹாட்யாய் விடுதியைக் கட்டணமின்றி ரத்து செய்யக்கூடியதாகப் பார்த்துப் போடுங்கள். வேலைக்குத் திரும்பும் நாளுக்கும் பயணம் முடியும் நாளுக்கும் இடையே ஒரு நாளாவது இடைவெளி வையுங்கள். புறப்படும் வாரத்தில் வானிலைச் செய்தியைப் பாருங்கள். தேதியை மாற்ற வழியிருந்தால் ஆண்டு நடுவிடுமுறையைப் பரிசீலிக்கலாம். பேங்காக்கில் மாலை மழை பெய்யும், குடை போதும். ஏப்ரல் நடுவில் சொங்கிரான் புத்தாண்டு; அப்போது அந்த நாட்டுக்காரர்களே ஊருக்குப் போக இடம் கிடைக்காமல் அலைவார்கள், நாம் போய் நெருக்க வேண்டாம்.

ஆவணங்களில், கடப்பிதழ் பயண நாளில் இருந்து ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும். சுற்றுலாவுக்கு விசா வேண்டாம். 2025 மே முதல் தேதியில் இருந்து தாய்லாந்து நுழைவு அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். எல்லை கடப்பதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் ஒவ்வொருவருக்கும் ஒன்று, பிள்ளைகளுக்கும் சேர்த்து. அது இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளம் அரசாங்கத் தளம் அல்ல. பாதுகாப்பைப் பொறுத்தவரை, ஹாட்யாயில் இருந்து கிழக்கே யாலா வழியாகச் சுங்கை கோலோக் போகும் பாதையைத் தவிர்த்துவிடுங்கள். பல ஆண்டுகளாகக் கலவரம் நீடிக்கும் மாநிலங்கள் அவை. ஹாட்யாயில் இருந்து பேங்காக் போகும் பாதை அவற்றைத் தொடுவதில்லை.

பேங்காக்கில் மூன்று நிலையங்கள் உங்களுக்குத் தேவைப்படும், மூன்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2023 ஜனவரி முதல் நெடுந்தூர வண்டிகள் எல்லாம் பாங் சூ பகுதியில் இருக்கும் குருங் தேப் அபிவாட் என்ற புதிய பெரிய நிலையத்துக்கு மாறிவிட்டன. பழைய ஹுவா லம்போங் நிலையத்தில் சாதாரண வண்டிகள் மட்டும் ஓடுகின்றன. ஆயுத்தயாவுக்கான மலிவு வண்டி அங்கேதான். இந்த இரண்டையும் எம்.ஆர்.டி. நகர இரயிலின் நீலத் தடம் இணைக்கிறது, எனவே அந்தத் தடத்துக்கு நடக்கும் தூரத்தில் விடுதி பிடித்தால் டாக்சிச் செலவு பாதி குறையும். காஞ்சனபுரி வண்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் தொன்புரி நிலையத்தில் இருந்து புறப்படுகிறது. ஆயுத்தயாவில் தங்க வேண்டாம். காலையில் போய், பழைய கோயில்களைப் பார்த்துவிட்டு, மாலையில் திரும்பிவிடலாம். அம்மாவுக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டுமென்றால், பேங்காக்கின் சீலோம் சாலையில் நம்மவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. தாய்லாந்துக்காரர்கள் பூத்தட்டோடு நம்மை விடப் பயபக்தியாக நிற்பதை அங்கே பார்க்கலாம்.

அம்மா வெள்ளிக்கிழமை சைவம் என்றீர்கள். தாய்லாந்தில் காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு ஊற்றுவார்கள். "ஜே" என்று சொல்லிக் கேளுங்கள்; மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட கடைகள் அவை, வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். இரவு வண்டிக்கு மட்டும் ரொட்டி, பழம், வீட்டில் வறுத்த நிலக்கடலை என்று கையில் வைத்துக்கொள்வது நல்லது. காலைப் பசியாறலுக்கு வண்டிக்குள் விற்பது விலையும் அதிகம், சுவையும் சுமார்.

காஞ்சனபுரிக்கு இரண்டு இரவு ஒதுக்குங்கள். தொன்புரியில் இருந்து நாளுக்கு இரண்டு வண்டிதான், இரண்டும் மூன்றாம் வகுப்பு. முன்பதிவு கிடையாது, மின்விசிறிதான், ஜன்னல் திறந்திருக்கும். மூன்று மணி நேரத்துக்குள் காஞ்சனபுரி சேரும். நடைமேடை தாழ்வாகவும் படி உயரமாகவும் இருக்கும், அம்மா ஏறும்போது முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் நில்லுங்கள்.

அம்மாவை அங்கே அழைத்துப் போகும் முன் சில விஷயங்களைச் சொல்லி வைத்துவிடுவது நல்லது என்பது என் அனுபவம். நிலையத்துக்கு எதிரே நேச நாட்டுப் போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள், புல்லை ஒரே அளவில் வெட்டி, பெரும்பாலானவற்றில் பெயரும் வயதும் படைப்பிரிவும் பொறித்து வைத்திருக்கிறார்கள். அங்கே நம்மவர் யாரும் இல்லை. மலாயாத் தோட்டங்களில் இருந்து போன தமிழர்களுக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது, அவர்களுக்கு ஒழுங்கான பெயர்ப் பதிவே வைக்கப்படவில்லை. அந்தச் சயாம் இரயில் பாதை 415 கிலோமீட்டர், பான் போங்கில் இருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை, 1943 அக்டோபரில் முடிந்தது என்பதில் ஐயமில்லை. கைதிகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பதற்கும் பதிவு உண்டு. ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் தொண்ணூறாயிரம் அளவில் இருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு மட்டுமே. ஆளுக்கு ஆள் எண்ணிக்கை வேறுபடுவதற்குக் காரணம் அந்தப் பதிவின்மைதான். உங்கள் அம்மாவின் பெரியப்பா அந்தப் பாலத்தில்தான் வேலை செய்தார் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அவர் எந்த முகாமுக்கும் போயிருக்கலாம். காட்டுக்குள் மேல்முகாம்களுக்கு அனுப்பப்பட்டவர்கள் ஏராளம். ஒரு முறை நான் கூட்டிப்போன பெரியவர் ஒருவர், நம் பக்கத்துத் தோட்டத்துக்காரர்தான், கல்லறைத் தோட்டத்தில் வரிசை வரிசையாகத் தன் அப்பா பெயரைத் தேடிக்கொண்டு போனார். முன்பே சொல்லாமல் விட்டது என் தவறு. அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

பாலத்தில் வளைந்த இரும்புச் சட்டங்கள் அன்றைக்கு ஜாவாவில் இருந்து கொண்டுவரப்பட்டவை. நடுவில் இருக்கும் இரண்டு நேர்ச்சட்டங்கள் குண்டுவீச்சில் உடைந்ததற்குப் பதிலாகப் போருக்குப் பின் வைத்தவை. நடந்தும் கடக்கலாம், வண்டி வந்தால் ஒதுங்க இடையிடையே மேடைகள் இருக்கின்றன. கூட்டம் இல்லாத விடியற்காலையில் போங்கள். படம் எடுப்பவர்கள் வந்துவிட்டால் அம்மாவுக்கு அங்கே நிற்க மனம் வராது. மறுநாள் அதே வண்டியில் பாதை இன்று முடியும் நாம் தோக் வரை போய் வாருங்கள், அதற்குத்தான் நான்கு பயணம் என்று கணக்கில் போட்டேன். அதற்கு அப்பால் இருக்கும் ஹெல்ஃபயர் கணவாய்க்குச் சாலை வழியாகத்தான் போக முடியும், இறங்கி ஏறப் படிகள் அதிகம். முழங்கால் வலி இருந்தால் விட்டுவிடலாம். தாம் கிராசே என்ற இடத்தில் வண்டி நடை வேகத்துக்குக் குறைந்து, பாறைக்கும் ஆற்றுக்கும் நடுவே மரக்கால்கள் தாங்கும் பாதையில் முனகிக்கொண்டு ஊர்ந்து போகும். கட்டியவர்கள் கையால் கட்டியது எப்படி இருந்திருக்கும் என்பது பாலத்தை விட அங்கேதான் தெரியும். நாம் தோக் நோக்கிப் போகும்போது ஆறு இடப்பக்கம் வரும். இருக்கை எண் இல்லாத வண்டி என்பதால், காஞ்சனபுரி நிலையத்துக்குச் சற்று முன்னதாகவே வந்து, இடப்பக்க ஜன்னலோரத்தை அம்மாவுக்குப் பிடித்துக் கொடுங்கள்.